ஜார்ஜ் டவுன் மரபு நடை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு சென்னை ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களையும் கட்டடங்களையும் பார்த்தபடி நடந்தோம். மழையால் நவம்பர் நடை மட்டும் நின்றுபோனது. உயர் நீதிமன்ற நடைக்கும், மிண்ட் தெரு நடைக்கும், கந்தகோட்டத்தில் முடிந்த வள்ளலார் நடைக்கும் நல்ல கூட்டம். ஆர்மீனியன் தெருவில் 1772-இல் கட்டிய தேவாலயத்தைப் பார்த்தோம். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் இதே பட்டணத்தில்தான் அச்சானது என்று சொன்னதும், கூட வந்த பிள்ளைகள் அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையை விட்டு நகரவே இல்லை. பொங்கல் சந்திப்பு வழக்கம்போல் நடந்தது.

பாரிமுனை நடையைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். 1746 முதல் 1759 வரை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த சண்டைக் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வடக்கே நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் படிப்படியாக இடிக்கப்பட்டது. எதிரி ஒளிந்து சுட வீடு எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். இந்த எல்லைக்குள் யாரும் கட்டக் கூடாது என்று 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் பக்கம் நிற்கும் ஒன்றுதான். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த சென்னகேசவர் கோயிலும் இடிபட்டு, 1760-களில் பூக்கடை அருகே மறுபடி எழுந்தது. நாம் நடக்கிற ஊரே இடம் பெயர்ந்து வந்த ஊர். அதைக் கேட்க அன்று வந்தவர்கள் ஒன்பது பேர்.

அடுத்து, பழைய வீடுகளை அளந்து குறித்து வைக்கும் வீட்டுப் பதிவேடு. நடை நடத்துவதுதானே நம் வேலை, வீடு எண்ணுவது எதற்கு என்று செயற்குழுவில் இரண்டு முறை கேட்டார்கள். 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் எங்கும் போய்விடாது. அதற்குப் பெயர் இருக்கிறது, காவல் இருக்கிறது. திண்ணையும் முற்றமுமாக உள்ளே நீண்டு போகும் வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? பதினைந்து நாளில் தரையாகிவிடுகின்றன.

ஆகஸ்டில் பவளக்காரத் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை பாதி வெட்டுண்டு நின்றது. தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டமாக நிறுத்தி வைத்த மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், கடைசியாகத் தட்டோடு. கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே கட்டிய கூரை அது. மேஸ்திரி ஒரு கல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. "இத போடத் தெரிஞ்ச ஆளு இப்ப இல்ல சார்" என்றார். அடுத்த மாதம் அங்கே நீலத் தகரம் அடித்திருந்தது. அந்த வீட்டின் வாசல் அளவும், தூணின் வடிவும், கதவின் செதுக்கலும் நம் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அதற்கு முந்தின ஞாயிறு டேப்பும் நோட்டுமாக நாங்கள் போயிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் அறுபத்திரண்டு பேர். சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களுக்காகப் பூட்டிய கடை வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்த நாட்கள் உண்டு. அதற்குள் சரக்கு வண்டிகள் வந்துவிடும், அப்புறம் அந்தத் தெருவில் நின்று மேல்மாடியைப் பார்க்க முடியாது. வேலை, குடும்பம் எல்லாருக்கும் இருக்கிறது, சரி. வர முடியாது என்று ஒரு வரி போட்டால் போதும். ஆனாலும் இரண்டு தெருக்கள் முடிந்துவிட்டன. தம்புச் செட்டித் தெரு பாதியில் நிற்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கையிருப்பு சிறிது உண்டு, விவரம் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலருக்கு இரண்டு ஆண்டு நிலுவை. பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். பதிவேட்டுப் படங்களை அச்செடுத்த செலவு என் கைக்காசு, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், திண்ணையில் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் தந்த தெருக்காரர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். செயலாளராக எனக்கு இது மூன்றாவது தவணை, முட்டி முன்போல் ஒத்துழைப்பதில்லை. பதிவேட்டை விடாமல் நடத்துவேன் என்று யாராவது இன்று எழுந்து சொன்னால், நோட்டுகளை இங்கேயே ஒப்படைத்துவிடுகிறேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன். ஆனால் சொன்னால் வருகிற எட்டுப் பேராவது வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறரைக்குக் காளிகாம்பாள் கோயில் வாசலில் இருப்பேன். டேப் என்னிடம் இருக்கிறது. நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள்.

செயலாளர்