அச்சத்தில் கூடும் ஊர்க்கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்குகள் தேங்கிக் கிடப்பதைக் காட்டி, சாதாரணக் குடிமக்கள் குழுவாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை மீண்டும் கொண்டுவரலாமே என்று சிலர் பேசுகிறார்கள். தங்கள் கூட்டத்துக்கு ஆபத்து என்று நினைப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், தென்மாநில வெள்ளையரிடையே தங்கள் ஆதிக்கம் பறிபோகிறது என்ற பதற்றம் பரவியது. மறு ஆண்டே, எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரு வெள்ளையரை, வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த மிசிசிப்பி ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசிவிட்டு விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜூரியினருடைய இனப் பற்றையே தட்டி எழுப்பியிருந்தார்.

படித்த நீதிபதிகள் இப்படிச் சறுக்க மாட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. மரண நினைவு தண்டிக்கும் வேகத்தைக் கூட்டுமா என்று பார்த்த, 1989இல் வெளியான அரிசோனா ஆய்வொன்றில், தம் மரணத்தைப் பற்றி எழுதச் சொல்லப்பட்ட நீதிபதிகள் பாலியல் தொழில் வழக்கொன்றில் சராசரியாக 455 டாலர் ஜாமீன் தொகை விதித்தார்கள். மற்றவர்கள் விதித்ததோ 50 டாலர். (பங்கேற்றவர்கள் 22 பேர்தான் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை.) மாறாக, அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் சாமர்ஸ் 2006இல் வெளியிட்ட மாதிரி ஜூரி ஆய்வில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்திருந்த குழுக்கள் வெள்ளையர் மட்டுமே இருந்த குழுக்களைவிடக் கூடுதல் நேரம் பேசின, அவற்றில் இருந்த வெள்ளையர்களே சாட்சியத்தைப் பிழை குறைவாக எடுத்துரைத்தார்கள்.

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை போய்விட்டது. ஊர்க் கமிட்டி போகவில்லை. அடிதடி நடந்த அன்றிரவே மைக் கட்டிக் கூட்டம் போட்டு, பிடிபட்ட அயலூர்ப் பையனிடம் "நீ யாருக்க மவன்?" என்று முதலில் கேட்டு, பதிலிலிருந்து சாதியையும் மதத்தையும் கணித்துக்கொண்ட பிறகே "என்ன செய்தாய்?" என்று விசாரிப்பதை நம் மாவட்டத்தில் பார்த்தவர்கள் உண்டு. 1982இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தைக் கண்ட மண்ணில் இது சிறிய விஷயம் அல்ல.

ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், இரண்டு ஊர்களோ சமூகங்களோ சம்பந்தப்பட்ட தகராறை ஒரே தரப்பினர் கூடி முடிக்கக் கூடாது. குற்றம் என்றால் காவல் நிலையத்துக்கும், சமரசத்துக்கு உரியது என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கும் அனுப்புவதே முறை. இதை மாவட்ட நிர்வாகம் ஊர் நிர்வாகிகளை நேரில் அழைத்து வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.