குடோன் சாவி யார் கையில்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளுக்குள் வியாபாரம் பெருகப் பெருகப் போர் குறையும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிறவன். வியாபாரத்தைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் சந்தோஷப்பட வேண்டிய ஆள்தான், ஆனாலும் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ரஷ்யா-உக்ரைன் போர் மூண்ட மறுமாதம், 2022 மார்ச்சில், சூரியகாந்தி எண்ணெய் டின்னுக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. நம் நாட்டுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அப்போது உக்ரைன் சரக்கு, மிச்சத்தில் ரஷ்யாவுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆக அடித்துக்கொண்ட இரண்டு பேருமே நமக்கு லோடு அனுப்புகிறவர்கள். அந்த நாட்களில் கடையில் உட்கார்ந்து போர்ச் செய்தி படிக்க ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை.

கட்டுரையாளர் ஐரோப்பாவைத்தான் உதாரணம் காட்டுகிறார். சரி, அதே ஐரோப்பாவில் ஜெர்மனி ரஷ்யாவிடம் எரிவாயு வாங்கிய கதையைப் பார்ப்போம். 1970-இல் மேற்கு ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டது: இங்கிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் போகும், அதற்கு ஜெர்மன் வங்கியே கடன் கொடுக்கும், அங்கிருந்து எரிவாயு வந்து கடன் கழியும். 1973-இல் வாயு வந்து சேர்ந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் வந்தது, சோவியத் உடைந்த பிறகும் வந்தது. வியாபாரம் பண்ணிப் பண்ணியே எதிராளியை மாற்றிவிடலாம் என்று ஜெர்மானியர்கள் நம்பியதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் ஒழுங்காகச் சரக்கு அனுப்பியவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. 2014-இல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. மறுவருடமே ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வாயு கொண்டுவர பால்டிக் கடலுக்கடியில் இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் குழாய் போட ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதே 2015-இல் ஜெர்மனியின் மிகப்பெரிய எரிவாயுக் கிடங்கான ரேடன், ரஷ்ய அரசின் எரிவாயுக் கம்பெனியான காஸ்ப்ரோம் கைக்கே போகிறது. வியாபாரம் தெரிந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சரக்கு விற்கிறவனிடமே நம் குடோன் சாவியையும் கொடுத்து வைப்பதா என்று சிரிப்பார்கள். 2021 இலையுதிர்காலத்தில், குளிருக்கு நிரப்பி வைக்க வேண்டிய நேரத்தில், அந்தக் கிடங்கு ஏறக்குறையக் காலி. ஜெர்மனி வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது.

என் கணக்கு இதுதான். வியாபாரம் இருபக்கமும் ஒரே மாதிரி கட்டிப்போடுவதில்லை. எவனுக்கு வேறு போக்கிடம் இல்லையோ அவனைத்தான் கட்டும். மற்றவனுக்கு அது தைரியம் கொடுக்கும், 'இவன் என்னை விட்டு எங்கே போவான்' என்ற தைரியம். அந்தத் தைரியம் தப்புக் கணக்காகப் போனது வேறு விஷயம், ஜெர்மனி ஒரே வருடத்துக்குள் வேறு இடத்தில் கொள்முதலைப் பார்த்துக்கொண்டது. ஆனால் தப்புக் கணக்கு என்று தெரிவதற்குள் போர் ஆரம்பித்துவிட்டதே.

1941-இல் ஜப்பான் கதை இதற்குத் தலைகீழ். எண்ணெயில் பெரும்பங்கை அமெரிக்காவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கோடையில் அமெரிக்கா நிறுத்தியது, டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மேல் ஜப்பான் குண்டு போட்டது. கைக்கு எட்டிய இடத்தில், இன்றைய இந்தோனேசியாவில், டச்சுக்காரர்களின் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன, அதையும் போய்ப் பிடித்தார்கள். வாங்குகிறவன் எப்போதும் பணிந்தே போவான் என்றும் இல்லை.

பிரான்ஸும் ஜெர்மனியும் சண்டையை விட்டது வியாபாரத்தால் அல்லவா என்று கேட்பீர்கள். வெறும் வியாபாரம் என்றால் 1914-க்கு முன்பே ஐரோப்பாவில் அது கொழித்தது, ஜெர்மன் கப்பல்களுக்கு லண்டனில்தான் காப்பீடு எடுத்தார்கள். 1950 மே 9 அன்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் கேட்டது வேறு. பீரங்கி செய்யத் தேவைப்படும் நிலக்கரியையும் எஃகையும் இரண்டு நாட்டுக்கும் மேலே ஒரு பொது நிர்வாகத்தின் கீழ் வைப்போம் என்றார். இத்தாலியும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்கும் சேர்ந்து ஆறு நாடுகள். அது ஒரு கூட்டுக் கணக்கு, ஒருவன் பேரேட்டை இன்னொருவன் புரட்டிப் பார்க்கலாம். ரகசியமாகப் பீரங்கி வார்க்க வழியில்லை. (அமெரிக்கப் படை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம், அதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.)

இன்னொரு வேடிக்கை. போர் மூண்ட பிறகும் ரஷ்ய எரிவாயு உக்ரைன் மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேலே ஏவுகணை, கீழே வாயு, அதற்கு ரஷ்யா உக்ரைனுக்கு வாடகையும் கட்டியது. 2025 ஜனவரி 1-ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்துதான் குழாயை மூடினார்கள். 2022 ஜூலையில் உக்ரைனின் தானியக் கப்பல்களுக்கு வழிவிடும் ஒப்பந்தத்தை இஸ்தான்புலில் போட்டபோது இரண்டு தரப்பும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, துருக்கியோடும் ஐ.நா.வோடும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டார்கள், மறுநாளே உக்ரைனின் ஒடேசா துறைமுகத்தில் ரஷ்ய ஏவுகணை விழுந்தது. ஆனாலும் கப்பல் போனது. போர் நடக்கும்போதே வியாபாரம் ஓடும் என்றால், வியாபாரம் ஓடுவதால் போர் வராது என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 2020 ஜூனில் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். மறுவருடமே சீனாவோடு நம் வர்த்தகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது, அதில் நாம் விற்பதைவிட வாங்குவதுதான் பல மடங்கு. நம் மருந்துக் கம்பெனிகளுக்கான மூலப்பொருள் முதல் சோலார் பலகை வரை எதெதில் சாவி யார் கையில் இருக்கிறது, வேறு இடத்தில் வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று விவரம் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணெய் வியாபாரி ஒருவர்,
விருதுநகர்.