அணுக்கள் சேர்வது ஆசையினால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிமங்களின் பிணைப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருக்க வேண்டுமென விரும்புகிறது, அதனால் சோடியம் தன்னிடமுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது, ஹீலியம், செனான் போன்ற மந்த வாயுக்களோ ஏற்கெனவே நிறைவு பெற்றிருப்பதால் எதனுடனும் சேர்வதில்லை என்று அதில் விளக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நானும் இதையே சொல்லி வந்தவன் என்பதால் இவ்விளக்கத்தின் வசதியை அறிவேன். ஆயினும் இது விளைவையே காரணமாகத் திருப்பிச் சொல்கிறது.

சோடியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆவி நிலையிலுள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ணப் பயன்படும் ஒரு குறித்த அளவு) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். கொடுக்கத் துடிப்பவரிடம் இப்படிப் பிடுங்க வேண்டியிருக்காது. அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. ஆக, கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்த்தால் 147 கிலோஜூல் நட்டம். எலக்ட்ரானை இழந்த நேர்மின் அயனிகளும் அதை ஏற்ற எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் அந்த நட்டத்தை ஈடுகட்டி மிச்சமும் தருகிறது. உப்பு உண்டாவது இந்த மிச்சத்தினால்தான். எட்டு என்ற எண்ணின் மீது அணுவுக்கு எந்தப் பற்றும் இல்லை.

எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பிலும் கணக்கு இதுவே. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது இரு எலக்ட்ரான்களும் இரு அணுக்கருக்களாலும் ஒருசேர ஈர்க்கப்படுவதால் அமைப்பின் ஆற்றல் குறைகிறது என்பதை இயற்பியலாளர்களான ஹைட்லரும் லண்டனும் 1927இல் குவாண்டம் கொள்கையைக் கொண்டு காட்டினர். அதே இடத்தில் இரண்டு ஹீலியம் அணுக்களை வைத்துப் பாருங்கள். நான்கு எலக்ட்ரான்களில் இரண்டுக்குத்தான் பிணைப்பு ஆர்பிட்டாலில், அதாவது அணுக்களைப் பிணைக்கும் எலக்ட்ரான் நிலையில், இடமுண்டு. மற்ற இரண்டும் பிணைப்பைக் குலைக்கும் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குச் செல்ல நேர்வதால் கிடைத்த ஆதாயம் முழுவதும் அழிந்து, சற்றுக் கூடுதல் இழப்பே எஞ்சுகிறது. ஹீலியம் தனித்திருப்பது இதனால்தான்.

1916இல் லூயிஸ், காசல் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த எண்ம விதி, அதாவது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் என்னும் விதி, பொய்யென்று நான் சொல்லவில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடிலோ சல்ஃபரைச் சுற்றி ஆறு பிணைப்புகள் உள்ளன. இரண்டும் நிலையான சேர்மங்களே.

கட்டுரையில் எனக்குப் பெரிதும் உறுத்தியது, செனான் உள்ளிட்ட மந்த வாயுக்கள் எதனுடனும் சேர்வதில்லை என்ற வரியாகும். 1962இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்னும் கடும் ஆக்சிஜனேற்றி ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றலும் செனானிலிருந்து நீக்கத் தேவைப்படும் ஆற்றலும் ஏறத்தாழச் சமம், அதாவது மோலுக்கு 1170 கிலோஜூல் அளவில் இருப்பதைக் கவனித்த அவர், அப்படியானால் செனானும் வினைபுரிய வேண்டுமே என்று எண்ணினார். இரு வாயுக்களும் கலந்த உடனேயே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. (அத்திண்மம் அவர் முதலில் கருதியதைவிடச் சிக்கலான கலவை என்பது பின்னர் தெரியவந்தது வேறு விஷயம்.) அதே ஆண்டில் செனான் டெட்ராஃபுளூரைடும் தயாரிக்கப்பட்டது. செனானின் வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து தொலைவில் இருப்பதால் பிடி தளர்ந்திருக்கிறது. ஹீலியத்திலோ அந்தப் பிடி 2372 கிலோஜூல். இரண்டையும் "நிறைவு பெற்றவை" என்று ஒரே சொல்லால் குறித்துவிட்டால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

நைட்ரஜனைப் "பிணைய விரும்பாத வாயு" என்று கட்டுரை குறிப்பதும் சரியன்று. அதன் மூலக்கூறிலுள்ள இரு அணுக்களும் மோலுக்கு 945 கிலோஜூல் வலிமையுள்ள மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால்தான் அது பிறவற்றுடன் எளிதில் சேர்வதில்லை. அப்பிணைப்பு அறுபட்டு வெளிவந்த நைட்ரஜன் அணு மிகுந்த வினைத்திறன் உடையது.

ஆகவே, கட்டுரையுடன் வெளியான அட்டவணையில் மந்த வாயுக்களுக்கு மேல் உள்ள "எதனுடனும் சேராதவை" என்ற தலைப்பை "எளிதில் சேராதவை" என்று திருத்தி, செனானின் சேர்மங்களைப் பற்றி ஒரு வரியேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்