கொட்டகை கொடுத்தால் போதாது, குழுவையும் குடிவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியின் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தூண், வளைவு, ஜன்னல் எல்லாம் வந்தன. நாடகக் கொட்டகை பற்றி ஒரு வரி இல்லை. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று காலமானது இந்த ஊரில்தான். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது, நினைவு நாளில் கலைஞர்கள் வந்து மாலை போடுகிறார்கள். மாலை சரி, மேடை எங்கே?

அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாலர் கம்பெனிகள் ஓர் ஊரில் கொட்டகை பிடித்தால் மாதக்கணக்கில் தங்கும். சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனி வீட்டில். அதே மேடையில் ஏறி ஏறி, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போகும் என்பது பொடியனுக்கும் பழகிவிடும். பிறகு பேசும்படம் வந்தது, கொட்டகைகள் சினிமாவுக்குப் போயின. புதுச்சேரியில் ஒருமுறை இது தலைகீழாகவும் நடந்தது. ரொமேன் ரோலான் தெருவின் பழைய ‘பத்தே சினே ஃபாமிலியால்’ திரையரங்கை, குமரன் வளவன் 2007இல் தொடங்கிய இந்தியனோஸ்ட்ரம் குழு நாடக அரங்காக மாற்றியது. பாரிஸின் தியேட்டர் து சொலெய் நாடகக் குழுவின் கலைஞர்கள் புதுச்சேரிக்கு வந்து, புரிசை கிராமத்துக் கூத்துக் கலைஞரிடம் தெருக்கூத்து கற்றுக்கொண்டு போனார்கள். அந்தப் பிரெஞ்சுக் குழுவுக்குப் பாரிஸில் 1970 முதல் ஒரே இடம்தான், பழைய தோட்டாத் தொழிற்சாலை. ஒத்திகை, சமையல், நாடகம் எல்லாம் அதே கூரையின் கீழ். நம் கம்பெனி வீடு மாதிரியேதான்!

இங்கே இன்று பெரும்பாலான குழுக்களுக்கு ஒருநாள் வாடகை மண்டபம்தான் கதி. நேற்று அங்கே வரவேற்பு நடந்திருக்கும். காலையில் விளக்கு கட்டி, ஒத்திகையை அரைகுறையாகப் பார்த்து, மாலையில் நடித்து, ராத்திரியே எல்லாவற்றையும் அவிழ்த்து வண்டியில் ஏற்ற வேண்டும். இதில் நாடகம் எங்கிருந்து கனியும்? புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகள் பெயரிலேயே ஒரு நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். அங்கே படித்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு மேடையில் மாதச் சம்பளம் கிடைக்கிறது? பலர் சென்னைக்கு சினிமா வாய்ப்பு தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2014 மழையில் இடிந்து விழுந்த, பிரெஞ்சுக்கால நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்தைப் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டத் தெரிந்த ஊர் இது. அரசு பழைய கட்டடம் ஒன்றை ஒரு நாடகக் குழுவுக்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தரட்டும். மாதாமாதம் தமிழ் நாடகம் போட வேண்டும், டிக்கெட் விலை கைக்கு எட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். ஓசி பாஸ் மட்டும் வேண்டாம். பாஸில் வருகிறவர்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து போன் பேசுவார். இடம், பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே அமைந்தால் இன்னும் நல்லது. கடற்கரைப் பக்கம் போனால் அது சுற்றுலாப் பயணிகளுக்கானது என்று நம் ஜனங்களே ஒதுங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், நாடகம் எட்டரைக்குள் முடிந்தால் புண்ணியமாகப் போகும். எங்களுக்குக் கடலூர் பஸ் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்