வரி போடாத கவுண்ட்டி

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் இதே வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் ஊரில் லாங்வுட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். ரிச்மண்டிலிருந்து கார் பயணம்தான். அவள் அம்மாவுக்கு மட்டும் அது சீமைத் தூரமாகத் தெரிகிறது.

இங்கே அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ரிட்டயர் ஆனாலும் வாத்தியார் புத்தி! ஒரு பங்கு மாநிலம், ஒரு பங்கு கவுண்ட்டி. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு தருவது கொஞ்சம். கவுண்ட்டியை நம் தாலுகா மாதிரி வைத்துக்கொள். ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு அதை நடத்துகிறது. வீடு, நிலத்துக்கு வரி போட்டு அந்தக் குழுதான் பள்ளிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்க மாட்டோம் என்றால்? அப்படிச் சொல்லிய ஊர்தான் மகள் படிக்கிற இந்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டி.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 1939இல் 180 பேருக்கென்று கட்டினார்கள். பிள்ளைகள் 450ஐத் தாண்டியதும் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் ஒரு வேலை செய்தாள். பொய்ப் போன் போட்டு ஹெட்மாஸ்டரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் பெயரிலேயே சீட்டு எழுதி மாணவர்களை அரங்கில் கூட்டி, ஸ்டிரைக் அறிவித்தாள். உன் ஸ்கூலில் நடந்திருந்தால் டிசி கிழித்திருப்பாய்! பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்களோ, கறுப்பர், வெள்ளையர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால்தான் வழக்கு என்றார்கள். அந்த வழக்கும் சேர்ந்துதான், பிரித்துவைத்த பள்ளிகள் செல்லாது என்று 1954இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது.

கவுண்ட்டிக்காரர்கள் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்காமல் இழுத்தடித்தார்கள். 1959இல் இனித் தள்ளிப்போட முடியாது என்று கோர்ட் சொன்னதும், குழு பள்ளிகளுக்கு வரியே போடவில்லை. அவ்வளவுதான், எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டு. ஸ்டிரைக்குக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புதிய மோட்டன் பள்ளிக்கும் சேர்த்துத்தான். தடியில்லை, ரகளையில்லை, பட்ஜெட்டில் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும். எனக்கு வயிறு எரிவது அதில்தான்.

வெள்ளையர்கள் தனியார் பள்ளி திறந்துகொண்டார்கள். அடுத்த வருஷமே அதன் கட்டணத்துக்கு அரசுப் பணமும் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலரை வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். சர்ச்சுகளில் கொஞ்சம் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். பலருக்கு அதுவும் இல்லை. 1963இல்தான் நன்கொடைப் பணத்தில் ஒரு வருஷம் இலவசப் பள்ளிகள் நடந்தன. 1964 மே மாதம் சுப்ரீம் கோர்ட், தேவைப்பட்டால் வரி போடச் சொல்லியே குழுவுக்கு உத்தரவிடலாம் என்றது. அந்த செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன.

பழைய மோட்டன் கட்டடம் இப்போது மியூசியம். மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்பரா பிற்காலத்தில் பள்ளி நூலகராக வேலை பார்த்தாராம், உனக்குப் பிடிக்கும் செய்தி.

எனக்கு ஒரு சந்தேகம், அதை நீதான் தீர்க்கணும். பள்ளி வாசலையே மிதிக்காத பத்து வயதுப் பையன் உன் வகுப்புக்கு வந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைப்பாயா, அவன் வயதுக்காரர்களோடா? அடுத்த கடிதத்தில் எழுது. கமலாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு