பிராட்பேண்ட் மானியத்தில் சிறு இணைய சேவையாளர்களுக்கும் இடம் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறு இணைய சேவையாளர்கள் (கேபிள் ஆபரேட்டர்கள்),
பென்னாகரம், ஏரியூர் வட்டாரம்,
தருமபுரி மாவட்டம்.
(பெயர்களும் கையொப்பங்களும் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: கிராமப்புற இணையத்துக்கான அரசு மானியத்தைச் சிறு சேவையாளர்களும் பெறும் வகையில் விதிகளைத் தளர்த்த அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கேபிள் டிவி நடத்தி வந்தவர்கள். டிஷ் வந்தது, அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது, டிவி சந்தா கரைந்துபோனது. இப்போது அதே ஊர்களுக்கு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுத்துவருகிறோம். எங்களில் பலருக்குச் சொந்த உரிமம் இல்லை. உரிமம் உள்ள நிறுவனத்தின் ஃப்ரான்சைஸாக இருக்கிறோம். ஏணி, ஃபைபர் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின், அதற்கு வாங்கிய கடன் மட்டும் எங்களுடையது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கிராம இணையத்துக்கு அரசு செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எங்கள் கைக்கு எட்டும்படி சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, லைன் உயிரோடு ஓடிய மாதங்களைக் கணக்குப் பார்த்துத் தாருங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறோம் என்பதற்கு ஒரு காட்சி. எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகம் ஒன்றில், பீரோவை ஒட்டிய சுவரில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அரசுத் திட்டத்தில் வந்த ஃபைபர் கருவி அதற்குள் இருக்கிறது. போன மாதம் இந்த மனுவை எழுதுகிற நான் அங்கே போனபோது பெட்டி திறந்து கிடந்தது. லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சமே வரவில்லை, வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பேட்டரி உப்பியிருந்தது. எழுத்தர் தன் சொந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு பாட்டிக்கு வீட்டு வரி ரசீது எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்கு வெளியே நிற்கும் கம்பத்தில் எங்கள் கேபிள் போகிறது. அதில் பதினோரு வீடுகளுக்கு நெட் ஓடுகிறது. எழுத்தருக்கு ஒரு லைன் இழுத்துத் தர அரை மணி நேரம் போதும். ஆனால் அரசுப் பெட்டியை நான் தொடக்கூடாது. தொட வேண்டிய ஒப்பந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கேபிள் போட்டதற்கு அவருக்குப் பணம் வந்துவிட்டது. ஒரு பெட்டிக்காக ஆளை அனுப்பினால் அவருக்கு நஷ்டம்தான்.

2011-ல் தேசிய ஆப்டிக்கல் ஃபைபர் நெட்வொர்க் என்று ஒப்புதல் பெற்று, 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் இது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையை மாநில அரசின் ஃபைபர் நிறுவனமான டான்ஃபிநெட் பார்க்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் பத்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது என்று படித்தபோது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டெண்டர் மாநில அளவில் போகிறது. அவ்வளவு பெரிய வேலையை எடுப்பவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வேறொருவருக்குக் கொடுத்து, கடைசியில் ஏரியூரில் கம்பம் ஏறுபவன் கைக்கு வரும்போது தினக்கூலிதான் மிஞ்சுகிறது.

இந்தப் பணம் வரும் வழியையும் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தைக் கட்டிச் சேர்ந்த நிதி இது. முன்பு யுஎஸ்ஓ நிதி (எல்லோருக்கும் சேவை கிடைக்கச் செய்யும் நிதி), 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் டிஜிட்டல் பாரத் நிதி. போனுக்கும் நெட்டுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கட்டும் காசிலிருந்துதான் அதுவும் போகிறது.

சரி, நாங்களே டெண்டர் போடலாமே என்று கேட்கலாம். மூன்று வருட டர்ன்ஓவர் கேட்கிறார்கள், முன் அனுபவச் சான்று கேட்கிறார்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையில் விலக்கு தரும் மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் வேலை கிடைத்தபின், அதைச் சரியாக முடிப்போம் என்பதற்குப் பிணையாகக் கேட்கிற செயல்திறன் உத்தரவாதத்துக்கு அந்த விலக்கு இல்லை. வங்கி உத்தரவாதம் வாங்கப் போனால் மேனேஜர் டெபாசிட் கேட்கிறார். கேபிள் வாங்க வேண்டிய காசு வங்கியில் தூங்கும்.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கிராம பிராட்பேண்டுக்கு ஒதுக்கிய 4,245 கோடி டாலர் திட்டத்திலும், மானியத்தில் 25 சதவீதத்துக்கு வங்கிக் கடன் உறுதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். சிறு நிறுவனங்கள் கூச்சல் போட்டன. 2023 நவம்பரில் அந்த விதியைத் தளர்த்தி, வேலை முடிய முடிய உத்தரவாதத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும், அதற்குப் பதிலாகச் செயல்திறன் பத்திரம் தரலாம் என்றும் மாற்றினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஒரு ஊரின் கணக்கைப் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே 34 வீடுகள். 20 வீடுகள் லைன் கேட்கின்றன. கேபிள், கிளாம்ப், ஜாயின்ட் பாக்ஸ், ஸ்ப்ளிட்டர், வீட்டுக்கு ஒரு ஓஎன்யூ (வீட்டில் வைக்கும் ஃபைபர் மோடம்), கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகும். மாதம் 400 ரூபாய் வீதம் 8,000 வசூல். ஜிஎஸ்டி, நிறுவனத்தின் பங்கு, பேண்ட்விட்த், கரண்ட், வசூலுக்கு அலையும் பெட்ரோல் போக 2,500 நின்றால் பெரிது. போட்ட காசு திரும்ப ஐந்து வருடம். இடையில் ஓர் இடி விழுந்தால் கணக்கே முடிந்தது. அதில் பாதியை அரசு தந்தால் இரண்டரை வருடத்தில் மீண்டுவிடுவோம். அந்த ஊருக்கு நாளைக்கே கேபிள் ஏறும். ஒன்றரை லட்சத்துக்கு டெண்டர் எதற்கு? விண்ணப்பம் வாங்கி, இடத்தைப் பார்த்து, ஒன்றிய அளவிலேயே முடித்துவிடலாம். மலைக் குக்கிராமங்களுக்குக் கேபிளுக்குப் பதில் ரேடியோ லிங்க் வைத்தாலும் மானியம் உண்டு என்று சேர்த்தால் நல்லது. 2018-லிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை. காட்டையொட்டிய ஊர்களில் கம்பம் நட வனத்துறை அனுமதிக்கு அலைவதும் மிச்சமாகும்.

மானியத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் நியாயமானது. அதனால்தான் மொத்தமாகத் தர வேண்டாம் என்கிறோம். கேபிள் ஏறி வீட்டு ஓஎன்யூவில் விளக்கு எரிந்ததும் ஒரு பங்கு, மீதியை 36 மாதங்களுக்குப் பிரித்து. ஏமாற்றவும் வழியில்லை: எந்த வீட்டு ஓஎன்யூ எத்தனை மணிக்கு விழுந்தது, எப்போது எழுந்தது என்று எல்லா வீட்டு லைனும் வந்து சேரும் ஓஎல்டி கருவியில் பதிவாகிறது. கரண்ட் போய் விழுந்ததா, கேபிள் அறுந்து விழுந்ததா என்பதுகூடத் தெரியும். அந்தப் பதிவை நேராக உங்கள் அலுவலகத்துக்கே காட்டும்படி வைத்துவிடுகிறோம்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. கம்பங்களில் செத்த கேபிள்களைக் கழற்றாமல் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சில இடங்களில் லாரி இடிக்கும் உயரத்தில் போகிறது. மானியம் வாங்குபவர் முதலில் தன் பழைய கேபிளை இறக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

மானிய விதிகளை மாற்றுவது சென்னையிலும் டெல்லியிலும் நடக்க வேண்டியது. அதற்குத் தங்கள் பரிந்துரையைக் கேட்கிறோம். ஃப்ரான்சைஸாக இருப்பவர்களும் விண்ணப்பிக்க வழி வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டுகிறோம். பாரத்நெட் ஃபைபரை எல்லாச் சேவையாளர்களுக்கும் பாரபட்சமின்றித் தர வேண்டும் என்பது திட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. ஊராட்சி வரை வந்து சும்மா கிடக்கும் இழைகளை எங்களுக்கு வாடகைக்குத் தர, ஒன்றிய அலுவலகத்தில் ஒட்டிவைக்கும்படி ஒரு கட்டணப் பட்டியல் வேண்டும்.

தங்கள் அதிகாரத்திலேயே இருப்பது ஒன்று உண்டு. போன ஐப்பசி மழையில், குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி எங்கள் கேபிளை ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் அறுத்தது. குடையைப் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், சேறு படாமல் தலைமுடி அளவு இழையை ஒட்டவைத்து முடிக்க ராத்திரி ஒன்றரை மணி. தோண்டுவதற்கு முன் தெரிவிக்க 2023 மார்ச்சிலேயே ஒரு செயலி வந்துவிட்டது. மாவட்டத்தில் எந்த ஒப்பந்தக்காரரும் அதில் பதியாமல் தோண்டக் கூடாது என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதி ராத்திரிகள் நாங்கள் தூங்குவோம்.

முதலில் இரண்டு ஊராட்சிகளில் சோதனையாகச் செய்து பார்க்க அனுமதி கேட்கிறோம். மேலே சொன்ன இரும்புப் பெட்டி இருக்கும் ஊராட்சி அதில் ஒன்றாக இருக்கட்டும். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டித்தர நாங்கள் கூலி கேட்க மாட்டோம். பெட்டியைத் தொடலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பென்னாகரம், ஏரியூர் வட்டாரச் சிறு இணைய சேவையாளர்கள்

இடம்: பென்னாகரம்
நாள்: திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்