பாப்பாவை அமாவாசைக்கு அனுப்பிவை

பாம்பன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனில் பேசினால் பாதி சொல்லாமலே வைத்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். உண்மைதான், அதனால் நானும் எழுதுகிறேன். இங்கே வாடை தொடங்கிவிட்டது. வடகடல் கலங்கிக் கிடக்கிறது, தென்கடல் பக்கம் பரவாயில்லை. புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு ஊரில் வெளியூர் ஆட்கள் மறுபடி தென்படுகிறார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரல் வரை தீவுக்கே ரயில் இல்லாமல் கிடந்தோமே. பழைய தூக்குப் பாலம் கடைசியாகத் திறந்து மூடியதைக்கூட நான் ஒழுங்காக எடுக்கவில்லை. தினமும் பார்க்கிறோம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உன் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு ஆவணப் புகைப்படம் எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், 'இதில் சோறு கிடைக்குமா, மறைக்காமல் சொல்' என்று கேட்டிருக்கிறாய். மறைக்காமலே சொல்கிறேன். எந்தப் படத்துக்காக ஒருவருக்குப் பேர் வந்ததோ, அந்தப் படமே அவருக்குச் சோறு போட்டது என்பது இந்தத் தொழிலில் அபூர்வம். பதினோரு வருஷமாக நான் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுக்கிறேன். அதிலிருந்து கைக்கு வந்த பணத்தில் ஒரு லென்ஸ்கூட வாங்க முடியாது. வீட்டு வாடகை, பெரியவன் படிப்பு எல்லாம் கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் சைஸ் படம், இப்போது புதிதாகத் தனுஷ்கோடியில் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங், இவற்றில்தான் ஓடுகிறது.

இதைக் கேட்டு நீ பயப்படுவாய் என்று தெரியும். பயப்படாதே. பெரிய ஆட்களின் கதையும் இப்படித்தான் இருக்கிறது. பிரேசில் புகைப்படக்காரர் சல்காதோ பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேச காப்பி அமைப்பில் வேலை பார்த்தவர். மனைவி லேலியா வாங்கிய கேமராவைக் கையில் எடுத்து, 1973இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினார். அந்த அம்மாதான் கடைசிவரை அவருடைய புத்தகங்களை வடிவமைத்தார், கண்காட்சிகளை நடத்தினார். சல்காதோ 2025 மே மாதம் இறந்தபோது அவர் ஒருவரைப் பற்றியே எல்லாரும் எழுதினார்கள். எனக்கு என்னவோ அந்த வாழ்க்கை இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையாகத்தான் தெரிகிறது. பாப்பாவிடம் இதைச் சொல். கூட நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாம் சேர்ந்து வேலை கற்ற டார்க் ரூமில் உனக்கும் எனக்கும் அது இருந்தது.

நம் நாட்டுப் புகைப்படக்காரர் ரகு ராய் முதலில் சிவில் இன்ஜினியர். அண்ணன் எஸ். பால் ஏற்கெனவே போட்டோகிராபர். தம்பி எடுத்த ஒரு கழுதைக்குட்டி படம் லண்டன் டைம்ஸில் வந்தது, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1966இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் சேர்ந்தார், 1977இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெசோன் அவரை மேக்னம் என்ற உலகப் புகைப்படக்காரர்கள் அமைப்புக்குப் பரிந்துரைத்தார். அவருக்குப் பத்திரிகைச் சம்பளம் என்று ஒரு படிக்கட்டு இருந்தது. பாப்பா காலத்தில் அந்தப் படிக்கட்டு பெரும்பாலும் உடைந்துவிட்டது. பத்திரிகைகள் சம்பளத்துக்குப் படக்காரர்களை வைத்துக்கொள்வது குறைந்துபோயிற்று. இதை அவளிடம் மூடி மறைக்கக் கூடாது.

காட்சிக்கூடத்துக்காக எடுப்பது இன்னொரு வழி. தயாநிதா சிங் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர்களுக்கு வேண்டிய இந்தியாவை எடுத்துக்கொடுப்பது போதும் என்று விட்டுவிட்டு, புத்தகங்கள் பக்கம் வந்தார். மரச்சட்டங்களில் படங்களை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நடமாடும் அருங்காட்சியகங்களையே செய்துவிட்டார். 2022இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது வாங்கினார். இந்த வழியில் ஒரு படத்தை ஐந்து, பத்து என்று எண்ணி பிரிண்ட் போட்டு, கையெழுத்துப் போட்டு விற்பார்கள். விலையில் பாதியைக் காட்சிக்கூடம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். முதல் விற்பனை வருவதற்குள் பல வருஷம் போய்விடும்.

அதே 2022இல் தயாநிதா சிங் பேரில், கிராமத்து வாழ்க்கையைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணையதளம் தொடங்கிய ஆவணப் புகைப்பட விருதில் முதலாவது மதுரைப் பக்கத்து எம். பழனிக்குமாருக்குப் போனது. அம்மா மீன் விற்று வளர்த்த பிள்ளை. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் போய் எடுத்தவர். நம்ம கரைக்கும் வந்து பாசிப் பெண்களை எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமை இல்லை, நிஜமாகவே சந்தோஷம். நம்ம மண்ணிலிருந்து ஒருத்தர், கடன்பட்டு கேமரா வாங்கி, தன் ஆட்களைத் தானே எடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் தன் வீட்டு மனிதர்களையே எடுத்ததும் அப்படித்தான். நாம் வேலை கற்றுக்கொண்டபோது இப்படி ஒரு வழி இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னது? 'இந்து' பிலிமையும் ஓர்வோ பிலிமையும் எண்ணி எண்ணிச் செலவழித்து, மூக்கில் ஒளி பளிச்சிடாமல் முகத்தை எடுக்கத்தான் கற்றோம். பாப்பாவுக்குக் கண்ணெதிரே இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதை உனக்கும் இதுவரை எழுதியதில்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நகரத்துப் பத்திரிகை ஒன்று என் பாசிப் படம் ஒன்றைக் கேட்டது. கொடுத்தேன், காசும் வந்தது. நான் எழுதிக் கொடுத்த குறிப்பை விட்டுவிட்டு, 'தடையை மீறித் தீவோரம் பாசி எடுக்கும் பெண்' என்று போட்டுவிட்டார்கள். பின்னால் தீவின் மரங்கள் தெரியும் படம் அது. உனக்குத்தான் தெரியுமே, 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து இந்தப் பெண்களுக்கு வனத்துறையோடு ஓயாத இழுபறி. 21 தீவுக்கும் பக்கத்தில் போகக் கூடாது, பாசியோ அங்கேதான் நிறைய. அந்த அக்காவின் மருமகன் போனில் படத்தைக் காட்டியிருக்கிறான். அவர் கடலிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டை நனைந்தபடி. கத்தவில்லை. "என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வித்த?" என்று மட்டும் கேட்டார்.

வந்த பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அவர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை, அது தெய்வாதீனம். ஆனால் ஒரு வருஷம் அவர் என் கேமரா பக்கம் திரும்பவே இல்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கேயின் அந்தத் தாய் படம் உனக்கு நினைவிருக்கும். நம் முதலாளி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பாரே, கன்னத்தில் கை வைத்தபடி, தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகளோடு. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணிக் காட்டில் எடுத்தது. அந்த அம்மா பேர் ஃப்ளோரன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் அவருக்கு ஒரு காசு வரவில்லை, அதை எடுக்கவே விட்டிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டிருக்கிறார். லாங்கே கெட்டவர் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் பணக்காரர்களை எடுக்கும் நல்ல ஸ்டுடியோவை விட்டு, சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களை எடுக்கத் தெருவுக்கு வந்தவர். அவருக்கும் அந்தப் படத்துக்கு உரிமைப் பணம் கிடையாது, அரசாங்க வேலை. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் பேர் தெரியாமல் ஒரு முகம் உலகம் சுற்றியிருக்கிறது. அக்கா கடை வாசலில் நின்று கேட்டபிறகு அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்கிறேன். தீவோ மரமோ அடையாளம் தெரியும் படங்களைத் தனி டிஸ்கில் போட்டுப் பூட்டிவைத்துவிட்டேன். அதில் நல்ல படங்கள் இருக்கின்றன, இருந்தாலும் இப்போதைக்கு யாருக்கும் தரமாட்டேன். இரண்டாவது, எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த நீருக்குள், அதாவது அவர்கள் மறுபடி பாசிக்குப் போகும் நாட்களுக்குள், கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில்தான் பாசிக்குப் போகிறார்கள், அதனால் எனக்கும் அதுதான் காலண்டர். இப்படிக் கொடுக்கக் கொடுக்கத்தான் அந்த அக்கா மறுபடி பேச ஆரம்பித்தார். பேசியது படத்தைப் பற்றி இல்லை. மக கல்யாணத்துக்கு நீதான் வந்து எடுக்கணும் என்று சொல்ல வந்தார்.

இப்போது புத்தகமாக்கலாம் என்று உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். ராபர்ட் ஃப்ராங்க் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 28,000 சொச்சம் படம் எடுத்து, புத்தகத்துக்கு 83ஐ வைத்தார். முன்பு இதைப் படித்தபோது மிகை என்று நினைத்தேன். இப்போது 83 அதிகமோ என்று தோன்றுகிறது. எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது, கேள். இத்தனை வருஷமும் தண்ணீருக்குள் எடுத்ததுதான் பெரிய படம் என்று இருந்தேன். கேமராவுக்கு உறை போட்டு, மூச்சைப் பிடித்து முங்கி, அவர்கள் பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்போது எடுத்தவை. சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தால் அவை ஒன்றுபோலவே இருக்கின்றன. நிற்பவை, கரையில் விடியற்காலையில் எடுத்த படங்கள்தான். பழைய வேட்டியைக் கீற்றாகக் கிழித்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகச் சுற்றுவார்கள், பாறை கிழித்துவிடாமல் இருக்க. ஒரு கைக்குச் சுற்றி முடித்தபின் அந்தக் கையால் மற்ற கைக்கு முடிச்சுப் போட முடியாது. பல்லால் இழுப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் போட்டுவிடுவார். மாமியாரும் மருமகளும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்து, வள்ளத்தில் ஏறுமுன் ஒருத்தி விரலை ஒருத்தி கட்டிவிடுவதை எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு படம் இருக்கிறது என்றே ஆறு வருஷம் எனக்குத் தெரியாது.

தனுஷ்கோடிக்கு வருகிற எல்லாரும் அந்தச் சர்ச் சுவரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விடுகிறார்கள். 1964 புயல், இடிந்த சுவர், வானம். எல்லாப் படமும் ஒரே படம். அங்கே இன்றும் குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்களை எடுக்க அரை நாள் போதாது.

ஸ்டுடியோ வேலையைப் பற்றியும் பாப்பா இளக்காரமாக நினைக்க வேண்டாம். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் வருகிறார்கள், மாலை போடப் பெரிய படம் கேட்டு. அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் தவிர அவனுக்கு வேறு படம் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவனையும் உட்காரவைத்து, அட்டைக்கு ஒன்று எடுத்தபிறகு, பேச்சுக் கொடுத்து இன்னொன்றும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உடனே வேலையை விடச் சொல்லாதே, தடுக்கவும் தடுக்காதே. அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக இங்கே அனுப்பிவை, நீர் முடியும்வரை ஒரு வாரம் இருக்கட்டும். உன் மதினியோடு படுத்துக்கொள்வாள். காலை நாலு மணிக்கு எழுந்து அந்த அக்காவோடு கரைக்குப் போகட்டும், நான் சொல்லி வைக்கிறேன். கேமராவை எடுத்துவரட்டும், உப்புக் காற்றுக்கு உறையும் சிலிக்கா பையும் மறக்க வேண்டாம். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்த்து நீயே முடிவு செய்.

இன்னொன்று. நம் பழைய என்லார்ஜரைத் துடைத்து நிறுத்திவிட்டேன், பல்பு எரிகிறது. நீ திருப்பூர் போனபோது அதன் ஐம்பது எம்எம் லென்ஸை எடுத்துப் போனாய் அல்லவா? பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பாப்பாவிடம் கொடுத்துவிடு. அந்த விரல் கட்டும் படங்களில் நாலைந்து பிலிமில் எடுத்தவை. அவற்றைக் கையால் பிரிண்ட் போட்டு அவர்களுக்குக் கொடுக்கணும்.

அன்புடன்,
முத்து